பறக்கும் பறவைக்குக் கேனான் 100-500ஆ, 200-800ஆ?

கேனானின் 100-500, 200-800 மி.மீ. ஜூம் லென்ஸ்களில் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 800 மி.மீ. கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. பறக்கும் பறவைக்குக் கணக்கு வேறு.

முதலில் ஃபிரேமைப் பார்ப்போம். ஃபுல் ஃபிரேம் கேமராவில், 30 மீட்டர் தூரத்தில், 500 மி.மீ.க்குள் அடங்கும் அகலம் 2.16 மீட்டர். 800 மி.மீ.யில் 1.35 மீட்டர்தான். மஞ்சள்மூக்கு நாரை இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரும். வேடந்தாங்கல் ஏரிக்கரையை ஒட்டி அது அந்தத் தூரத்தில் கடக்கும்போது, 800இல் இறக்கை நுனி வெட்டுப்படும். கூழைக்கடாவுக்கு 500கூட அதிகம். 300க்கு இறங்க வேண்டும்.

அகலம் குறைந்தால் பறவையை வியூஃபைண்டருக்குள் பிடிப்பதே பாடாகிவிடும். அகலமாக வைத்துத் தேடி, கிடைத்ததும் ஜூமை ஏற்றுவதுதான் வழி. 200-800இல் ஜூம் வளையத்தின் சுற்று நீளம்; 200இலிருந்து 800க்குப் போவதற்குள் கையை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நொடியில் தகைவிலான் போய்விடும். எடையும் சேர்ந்துகொள்கிறது: 200-800 2,050 கிராம், 100-500 டிரைபாட் காலர் (முக்காலியில் பொருத்தும் வளையம்) இல்லாமல் 1,370 கிராம். கையில் ஏந்தி அரை மணி நேரம் வானத்தைத் துழாவினால் இந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

ஃபோகஸிலும் 100-500க்கே என் ஓட்டு. அதில் ஃபோகஸை நகர்த்த இரண்டு நானோ யூஎஸ்எம் மோட்டார்கள். 3 மீட்டருக்கு உள்ளே தேடாமல் தடுக்கும் லிமிட்டர் ஸ்விட்ச்சும் உண்டு. 200-800இல் மோட்டார் ஒன்று, லிமிட்டர் கிடையாது. வெறும் வானத்தில் பறவை தப்பினால் லென்ஸ் கிட்டத்து எல்லைவரை ஓடித் திரும்பும். பறவை வரும் தூரத்தில் உள்ள மரத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வெளிச்ச விஷயத்தில் மட்டும் பலர் அவசரமாகத் தீர்ப்பு சொல்கிறார்கள். 200-800 முழு ஜூமில் எஃப்/9 (100-500இல் எஃப்/7.1; எண் கூடினால் சென்சாரில் விழும் வெளிச்சம் குறையும்) என்றதும் முகம் சுளிக்கிறார்கள். 1/2000 நொடியில் எஃப்/7.1க்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600 போதுமென்றால் எஃப்/9க்கு 2500 ஆகும், உண்மைதான். ஆனால் 500ஐ 7.1ஆல் வகுத்தால் திறப்பு 70 மி.மீ.; 800ஐ 9ஆல் வகுத்தால் 89 மி.மீ. ஒரே தூரத்தில் பறக்கும் சின்ன ஆலாவிடமிருந்து 200-800 சேர்க்கும் ஒளி சுமார் 1.6 மடங்கு. 500இல் எடுத்து அதே அளவுக்கு கிராப் செய்தால் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) அதிகமாகத் தெரிவது இதனால்தான். பிக்சலும் போகும்: 45 மெகாபிக்சல் ஆர்5 கேமராவில் 17 மிஞ்சும், பிரிண்ட் போடலாம். 24 மெகாபிக்சல் ஆர்6 மார்க் 2இல் 9தான்.

ஆகவே 45 மெகாபிக்சல் பாடி இருந்து, பெரிய பறவைகளும் வேகமான சின்னப் பறவைகளும்தான் குறி என்றால் 100-500. விலை கூடுதல்தான், ஆனாலும் அதுவே சரி. 24 மெகாபிக்சல் பாடியோடு, தூரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி போன்றவற்றை எடுப்பவருக்கு 200-800. கோடியக்கரைச் சதுப்பில் வெயில் ஏறிய பிறகு கானல் அலையும் நேரத்தில், தொலைவில் நிற்கும் பூநாரைகளுக்கு இரண்டும் உதவாது; காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

100-500ஐ வாங்கி, மி.மீ.யை 1.4 மடங்காக்கும் எக்ஸ்டெண்டர் போட்டுக்கொள்ளலாமே என்ற யோசனை பறக்கும் பறவைக்கு ஒத்துவராது. எக்ஸ்டெண்டர் மாட்டினால் ஜூம் 300க்குக் கீழே இறங்காது. கிடைப்பது 420-700, அதுவும் முனையில் எஃப்/10. அகலமாகத் தேடும் வசதியே போய்விடும்.