குட்டி சுமக்கும் நட்டுவாக்காலிக்கு எது நல்லது: செம்மண்ணா, நார்க்கழிவா?

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் நட்டுவாக்காலி என்னும் பெரிய கருந்தேளை வளர்ப்பவர்களுக்குத் தொட்டியில் பரப்ப எளிதில் கிடைப்பவை இரண்டு: செம்மண், தென்னை நார்க்கழிவு. சினைத் தேளுக்கு நான் நார்க்கழிவைத்தான் போட்டேன். இனியும் அதையேதான் போடுவேன். கடற்கரை மணல் பேச்சுக்கே வேண்டாம், அத்தனையும் உப்பு.

செம்மண் காசில்லாமல் கிடைக்கும், ஆனால் கனம். நார்க்கழிவு கட்டியாக நர்சரியில் கிடைக்கும், தூக்க லேசு. இதெல்லாம் பெரிய விஷயமில்லை. தொட்டியைத் திறக்காமல் ஈரத்தைக் காக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

தேள் முட்டையிடாது, குட்டியாகவே ஈனும். வெள்ளைவெளேரென்ற குட்டிகள் தாயின் முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒட்டிக்கொள்ளும். முதல் தோலை உரிக்கும்வரை இரை எடுக்காது. அந்த மெல்லிய தோலுக்குக் காற்று காய்ந்தால் உடம்பு வற்றிவிடும், உரிக்கும்போது பழைய தோலிலேயே சிக்கிக்கொள்ளும். அதே சமயத்தில் தாயைச் சீண்டவும் கூடாது. மிரண்டால் குட்டிகளையே தின்றுவிடும்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்மண்ணின் மேல்பரப்பு சீக்கிரமே காய்ந்து வெடிக்கும். மறுபடி மறுபடி மூடியைத் திறந்து தெளிக்க வேண்டும். சொட்டு மேலே பட்டதும் தாய் கொடுக்கை நிமிர்த்திவிடும். நார்க்கழிவில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு மூலையில் சுவரோரமாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் அடியில் பரவி நிற்கும், மேலே காய்ந்தே இருக்கும். தாய் பானை ஓட்டுக்கடியில் அசையாமல் கிடக்கும்.

நார்க்கழிவிலும் குறை உண்டு. வளை நிற்காமல் சரியும், அதனால்தான் அந்தப் பானை ஓடு. தேங்காய் மட்டையை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கழிவாக இருந்தால் பலமுறை அலசிப் பிழிய வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பக்கவாட்டில் காற்றுத் துளை அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் குட்டி போட்டால் செம்மண்ணே போதும் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

எதைப் பரப்பினாலும் எறும்பு வரும். தொட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். தின்னாமல் விட்ட வெட்டுக்கிளியை உயிரோடு உள்ளே விடாதீர்கள், குட்டியைக் கடிக்கும்.

இது நட்டுவாக்காலிக்கு மட்டும். வறண்ட நிலத்துத் தேள்களுக்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். செந்தேளை வளர்க்கவே வேண்டாம். அதன் விஷம் இதயத்தைத் தாக்கும்.

உரித்த தோல்கள் தாயின் முதுகில் கசங்கிக் கிடக்க, நிறம் ஏறிய குட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கும். உடனே பிரிக்க வேண்டாம், தாய் பிடித்த இரையில் அவையும் பங்குக்கு வரும். தனித்தனி டப்பாவுக்கு மாற்றும்போது நார்க்கழிவோடு மூன்றில் ஒரு பங்கு செம்மண் கலக்கிறேன். சின்னக் குட்டி தோண்டும் வளை அதில் சரியாமல் நிற்கிறது.