ஜம்பர் நல்லதுதான், தகரத்தையும் பாருங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் டவர் வேலை பார்க்கிறேன். தேவகோட்டையில் ஒரு வீட்டு மாடி சைட்டுக்காக அரை இஞ்ச் 'லோ பிம்' ஜம்பர் (ஆன்டெனாவோடு இணைக்கும் குட்டி கேபிள்), மூன்று மீட்டர், ஆறு வாங்கினேன். இரண்டு முனையிலும் 7/16 டின் (DIN) என்ற திருகு கனெக்டர்.

அந்த சைட்டில் பகலில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆட்கள் போனை எடுத்தால் கால் கட்டாகும். விஎஸ்டபிள்யூஆர், அதாவது சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற கணக்கு, சுத்தம். பிம் (PIM), அதாவது இரண்டு சிக்னல் கலந்து பிறக்கும் இரைச்சல், அப்படித்தான் ஏமாற்றும். டவர் 936, 958 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் அனுப்புகிறது என்று வையுங்கள். வழியில் துரு, லூசான முனை, நிக்கல் பூச்சு ஏதாவது இருந்தால் இரண்டும் அங்கே கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும்: 936ன் இரட்டிப்பில் 958 கழித்தால் 914. நம் போன் டவருக்குப் பேசும் 890–915க்குள் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். பவர் கூடினால் இரைச்சல் அதைவிட வேகமாகக் கூடும்.

20 வாட் கேரியர் (சிக்னல்) இரண்டு விட்டு பிம் இரைச்சலைச் சோதித்தேன். மைனஸ் எண் பெரிதானால் இரைச்சல் குறைவு. பழைய நிக்கல் ஜம்பர் சும்மா இருக்கும்போது மைனஸ் 104 டிபிஎம்; நைலான் சுத்தியலால் தட்டியதும் மைனஸ் 82. புதியது மைனஸ் 121, தட்டினாலும் மைனஸ் 117க்கு மேல் ஏறவில்லை. மைனஸ் 110 இருந்தாலே பாஸ். ஒன்று மட்டும் முதலில் ஃபெயில். உள்ளே பொடி உலோகத் துகள்! ஆல்கஹாலில் துடைத்து, டார்க் ரெஞ்சால் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கியதும் வழிக்கு வந்தது. கைக்கணக்கில் முறுக்குகிறவர்கள் இதை வாங்கிப் பயனில்லை.

ஆறையும் மாட்டி ஆன்டெனாவை இணைத்தால் மறுபடி மைனஸ் 96. கேபிள்காரனைத் திட்ட வாயெடுத்தேன். ஆன்டெனாவைக் கழற்றி, அதன் இடத்தில் பவரை உள்ளேயே விழுங்கும் லோடு போட்டால் மைனஸ் 118. அப்படியானால் கோளாறு வெளியே. நிமிர்ந்து பார்த்தால், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே ஆச்சி வத்தல் காயப்போடும் கொட்டகை, துருப்பிடித்த தகரம், துருப்பிடித்த ஆணி.

"தகரம் உனக்கு என்னப்பா பண்ணுச்சு?" என்றார் ஆச்சி. மிஷினில் நம்பரைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் கொட்டகையைப் பின்பக்கம் மாற்ற விட்டார். மைனஸ் 113.

ஜம்பருக்கு ஐந்துக்கு நான்கு மார்க். ரப்பர் உறை இரண்டு முனையில் சரியாகக் கவ்வவில்லை, டேப் சுற்றித்தான் விட்டிருக்கிறேன்.