டிரெய்லர் பிரேக் கோளாறா? உச்சிப்புளிப் பட்டறையில் காட்டிப் பாருங்கள்

நம் கடற்கரையில் பிக்அப் வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்களே சிலர்தாம். அதில் மின்சார பிரேக் உள்ளவர்கள் இன்னும் குறைவு. அதனால் டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் பெட்டியான பிரேக் கன்ட்ரோலர் மக்கர் செய்தால் யாரிடம் காட்டுவது என்பதே பெரும்பாடாகிவிடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளியை ஒட்டியுள்ள சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை ஒன்றில் இந்த வேலையை முறையாகச் செய்கிறார்கள்.

ஃபைபர் வள்ளங்களை ஏற்றிச் செல்லும் எங்கள் டிரெய்லர் ஒற்றை அச்சு கொண்டது. இரு சக்கரத்திலும் மின்காந்தத்தால் இயங்கும் டிரம் பிரேக் உண்டு. ஓட்டுநர் பெடலை மிதித்ததும், வண்டியின் வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்பதைக் கன்ட்ரோலருக்குள் இருக்கும் சென்சார் உணர்ந்து, அதற்கேற்ற மின்சாரத்தை நீல வயர் வழியாகப் பின்னால் அனுப்ப வேண்டும். எங்களுக்கோ பகலில் ஓரளவு பிடித்த பிரேக், இரவில் விளக்குகளைப் போட்டதும் தளர்ந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரெய்லர் இணைப்பில் இல்லை என்று திரை காட்டும், மறுபடி சரியாகும். கடலைப் பார்ப்பதற்காகப் பாம்பன் பாலத்தில் கார்களைத் திடீரென நிறுத்துவோர் இருக்கும்வரை, இந்தக் கோளாறோடு வள்ளம் ஏற்றிப் போவது விளையாட்டுக் காரியமல்ல. முதலில் காட்டிய வெளியூர்க் கடையில், வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கன்ட்ரோலரை மாற்றச் சொன்னார்கள்.

உச்சிப்புளிக்காரர் அறிகுறிகளைக் கேட்டதுமே, “பெட்டியைக் கழட்ட வேணாம்ணே, மொதல்ல எர்த்தப் பாப்போம்” என்றார். எர்த் என்பது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பெடலை மிதித்தால் பிரேக் விளக்கு வயரில் 12 வோல்ட் வருகிறதா, கையால் இயக்கும் லீவரைத் தள்ளினால் பின்பக்க சாக்கெட்டின் நீல வயரில் வோல்ட் ஏறுகிறதா என்று வரிசையாகப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்ததால் வண்டிப்பக்கம் பழுதில்லை என்று தெரிந்தது. பிறகு டிரெய்லரின் பிளக்கைக் கழற்றி, ஆம்பியர் மீட்டரை இடையில் வைத்துத் தனி பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தார். இந்த அளவு பிரேக்கில் ஒரு காந்தம் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்க வேண்டும்; இரண்டுக்கும் சேர்த்து 6 ஆம்பியராவது வர வேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. காந்தங்களின் எர்த் முனைக்குத் தனியாக ஒரு வயரைக் கொடுத்ததும் முள் 6-ஐத் தாண்டியது.

பழுது அம்பலமானது அங்கேதான். எர்த்துக்கான வெள்ளை வயர், பிளக்குக்குச் சற்றுப் பின்னால், டிரெய்லரின் சட்டத்தில் ஒரே ஒரு திருகில் முறுக்கப்பட்டிருந்தது. திருகைச் சுற்றித் துரு பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. வயரின் உறையைச் சீவினால், செம்பு இழைகள் விரற்கடை நீளத்துக்குக் களிம்பேறிப் பச்சையாக இருந்தன. விளக்குகளும் பிரேக்கும் இதே எர்த்தைப் பங்கிட்டுக்கொண்டதால்தான் இரவில் பிரேக் தளர்ந்திருக்கிறது. உப்புக்காற்றில் இது வியப்பல்ல; சட்டத்தையும் டிரெய்லரை மாட்டும் இழுவைக் குண்டையும் எர்த்தாக நம்பி வயரிங் செய்பவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் ஒட்டுப்போடவில்லை. இரு காந்தங்களிலிருந்தும் தடித்த வயரை நேராகப் பிளக் வரை இழுத்து, இணைப்புகளைப் பசையுள்ள சுருங்குகுழாயால் மூடி, பின்களுக்கு கிரீஸ் தடவினார். கப்ளிங் கழன்றால் டிரெய்லரைத் தானே நிறுத்தும் பிரேக்-அவே சுவிட்சின் ஊசியையும் இழுத்துச் சோதித்தார். கன்ட்ரோலருக்குச் சேதம் வரக்கூடாது என்று அதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு வெறிச்சோடிய கிளைச்சாலையில் சுமையோடு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, சக்கரம் இறுகும் அளவுக்குச் சற்றுக் கீழே கெயினை, அதாவது கன்ட்ரோலரில் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, நிறுத்தினார்.

குறையும் உண்டு. ஒருவரே எல்லாம் பார்ப்பதால் காத்திருக்க வேண்டும், நிழலுக்கு இடமில்லை, கேட்டால்தான் ரசீது. கூலி நியாயமானதே. டிரெய்லரைக் கடல்நீரில் இறக்கி வள்ளத்தை மிதக்கவிடுபவர்களுக்கு மின்சார பிரேக்கே வேண்டாம், டிரெய்லரின் தள்ளுவிசையால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அவருடைய வேலைக்கே எதிரான யோசனை என்றாலும் அது சரிதான். போகிறவர்கள் வண்டியை மட்டும் கொண்டுபோகாமல் டிரெய்லரையும் மாட்டிக்கொண்டே போங்கள். பாதிச் சோதனை அதில்தான் நடக்கிறது.