மாங்கூழ் சீசனும் கிளவுட் பில்லும்: சிறு செயலிகளைப் பல வருடம் ஓட்டியதில் தெரிந்தவை

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கான கொள்முதல் செயலி பெரிய மென்பொருள் இல்லை. எடைமேடையில் லாரி ஏறும். வண்டி எண், ரகம், எடை, கழிவு, விலை பதிவாகும். ரசீது பிடிஎஃப்பாக வரும். சீசன் மாதங்களில் இரவு பகல் பார்க்காமல் ஓடும். ஆகஸ்ட் தாண்டினால் கணக்குப்பிள்ளை எப்போதாவது திறந்து பார்ப்பதோடு சரி. இந்த மாதிரிச் செயலிகளை மேனேஜ்டு தளங்களில் (சர்வர் பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் கிளவுட் தளங்கள்) வைத்து ஓட்டியதில் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்று உண்டு: செயலி ஓடுவதற்கு ஆகும் செலவு சின்னது. அதைச் சுற்றி எந்நேரமும் விழித்திருக்கும் டேட்டாபேஸ், பின்னணி வேலை செய்யும் வொர்க்கர், ஐபி முகவரி இவைதான் பணத்தைத் தின்கின்றன.

டிஜிட்டல் ஓஷனின் ஆப் பிளாட்ஃபார்மில் 512 எம்பி கண்டெய்னர் (செயலி ஓடும் பெட்டி) மாதம் 5 டாலர். அதற்குத் துணையாக மிகச் சிறிய மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்தால் சுமார் 15 டாலர். ஹெரோகு என்ற தளத்திலும் இதே கதை. ஸ்டாண்டர்ட் 1எக்ஸ் டைனோ (அங்கே கண்டெய்னருக்கு அதுதான் பெயர்) 25 டாலர், ஸ்டாண்டர்ட் 0 டேட்டாபேஸ் 50 டாலர். முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் விலையை மட்டும் வைத்து ஆலைக்காரரிடம் மாதச் செலவு சொல்லிவிடக் கூடாது.

இலவசத் திட்டத்தை எடைமேடைக்கு வைக்கவே கூடாது. ஹெரோகு தன் இலவச டைனோக்களை 2022 நவம்பர் 28-ல் நிறுத்திவிட்டது. ரெண்டர் என்ற தளத்தின் இலவசச் சேவை 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். மறுபடி எழ ஒரு நிமிடம் வரை ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் மேடையில் இருப்பவர் பொத்தானை மூன்று தடவை அழுத்தியிருப்பார், ஒரே லோடுக்கு மூன்று ரசீது விழும். எந்தத் தளமாக இருந்தாலும் ரசீது எண்ணை லோடுக்கு ஒன்றாக உலாவியிலேயே உருவாக்கி, டேட்டாபேஸில் அந்தப் பத்திக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டாம் முறை ஏறாத தடை) போட்டுவிடுங்கள். விவசாயியின் பணம் இதில் இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது ரேம். பிடிஎஃப் எடுக்கப் பின்னணியில் குரோம் ஓட்டினால் 512 எம்பி போதாது. ஹெரோகுவில் ஆர்14 என்று பதிவு வந்தால் நினைவகம் நிரம்பி ஸ்வாப்புக்கு (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கை உபயோகிப்பது) போய்விட்டது என்று அர்த்தம், எல்லாமே மெதுவாகும். உடனே பெரிய திட்டத்துக்குத் தாவ வேண்டாம். ரசீதை எச்டிஎம்எல்லாகக் கொடுத்து உலாவியின் பிரிண்ட் வழியாக அச்சிட்டாலே போதும், வேலை முடிந்தது. பிடிஎஃப்புக்கென்று தனி வொர்க்கர் வைத்தால் அது இன்னொரு கண்டெய்னர், அதற்குத் தனி மாத வாடகை.

டேட்டாபேஸ் இணைப்பு எண்ணிக்கையையும் பாருங்கள். ஹெரோகுவின் 5 டாலர் போஸ்ட்கிரெஸில் 20 இணைப்புதான். செயலிக்கு 4 வொர்க்கர் (ஒரே செயலியின் பிரதிகள்), ஒவ்வொன்றிலும் 4 த்ரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) என்று வைத்தால் 16 போய்விடும். பின்னணி வேலைக்கு 5 கொடுத்தால் 21. சில தளங்களில் புதிய பதிப்பு ஏறும்போது பழையதும் புதியதும் சற்று நேரம் சேர்ந்தே ஓடும். அந்த நேரத்தில் இணைப்பு மறுக்கப்படும். டேட்டாபேஸைப் பெரிதாக்கும் முன் 2 வொர்க்கர், 3 த்ரெட் என்று குறைத்துப் பாருங்கள். ஒரு எடைமேடைக்கு அது தாராளம்.

இடமும் காசுதான். ரெண்டருக்கு நமக்குப் பக்கம் சிங்கப்பூர், டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரு, அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையும் ஐதராபாத்தும். செயலி இந்தியாவிலும் டேட்டாபேஸ் அமெரிக்காவிலும் இருந்தால் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் 200 மில்லிசெகண்டுக்கு மேல் போகும். ஒரு பக்கத்துக்கு 10 கேள்வி என்றால் 2 செகண்ட். சர்வர் சக்தி போதவில்லை என்று நினைத்துப் பெரிய திட்டத்துக்கு மாறினாலும் இது தீராது.

சீசன் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்குத்தான் அதிக ஏமாற்றம். டிஜிட்டல் ஓஷனின் டிராப்லெட் என்ற வாடகைச் சர்வரை ஆஃப் செய்து வைத்தாலும் பில் ஓடும். ஸ்னாப்ஷாட் (அப்போதைய முழு நகல்) எடுத்துவிட்டு டிராப்லெட்டை அழித்தால்தான் அது நிற்கும். ஏடபிள்யூஎஸ்ஸின் மேனேஜ்டு டேட்டாபேஸான ஆர்டிஎஸ்ஸை நிறுத்தினால் 7 நாளில் தானாக எழுந்துகொள்ளும், நிறுத்தியிருக்கும்போதும் டிஸ்க்குக்குக் காசு உண்டு. அங்கே ஒதுக்கிய டிஸ்க்கைப் பெரிதாக்குவது சுலபம். குறைப்பதென்றால் புதிய டேட்டாபேஸுக்குத் தரவை மாற்றியாக வேண்டும். அதனால் சீசனுக்கு முன் 100 ஜிபி போட்டு வைக்காதீர்கள். ஆர்டிஎஸ்ஸை அழிக்கும்போது கடைசி ஸ்னாப்ஷாட்டைக் கட்டாயம் எடுங்கள். தானியங்கி பேக்கப்கள் இயல்பாக டேட்டாபேஸோடு சேர்ந்து போய்விடும். ஏடபிள்யூஎஸ்ஸில் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரின் முகவரி) மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் சுமார் 3.60 டாலர் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

டாலர் பில்லின் மேல் வரியும் ஏறும். ஜிஎஸ்டி எண் பதியாத கணக்குக்கு 18% சேர்த்தே வசூலிப்பார்கள். எண் கொடுத்தால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நிறுவனமே கட்ட வேண்டும், ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உதாரணத்துக்கு, 55 டாலர் பில் வரியோடு 64.90. கார்டு 3.5% அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடித்தால் 67-ஐத் தாண்டும்.

தருமபுரி, ஓசூர் அளவுச் சிறு தொழிலுக்கு என் தேர்வு பெங்களூருவில் 2 ஜிபி டிராப்லெட். மாதம் 12 டாலர், வாராந்திர பேக்கப்புக்கு 20% கூட்டினால் 14.40. அதிலேயே போஸ்ட்கிரெஸும் வைத்து, தினமும் இரவு பிஜி டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுத்து வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். கிளவுட்ஃபிளேரின் ஆர்2 சேமிப்பகத்தில் 10 ஜிபி வரை இலவசம், தரவை வெளியே எடுக்கவும் கட்டணம் இல்லை. பழைய டாக்கர் இமேஜ்கள் (செயலியின் பழைய பதிப்புப் பொட்டலங்கள்) சேர்ந்து டிஸ்க் நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் எழுதுவதை நிறுத்திவிடும், ஆகவே வாரம் ஒருமுறை அவற்றைத் துடைக்க கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) போடுங்கள். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஆலைக்கு மேனேஜ்டு தளத்தின் கூடுதல் விலை நியாயமானதே.

கூகிள் கிளவுட் ரன் போல உபயோகத்துக்குத் தகுந்த காசு வாங்கும் தளத்தைத் தேர்ந்தெடுத்தால், பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும், செலவை நிறுத்தாது. அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் (ஒரே நேரத்தில் ஓடும் செயலிப் பிரதிகள்) எண்ணிக்கையை 2 என்று நீங்களே அமைத்துவிடுங்கள்.