லோங்ஜிங்கா, பிலுவோசுன்னா? ஆண்டு முழுவதும் குடிப்பதற்கான தேர்வு

சீனப் பச்சைத் தேயிலைகளில் இலையாகவே வாங்கிக் குடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று செஜியாங் மாகாணத்தின் ஹாங்சோ நகரத்தை ஒட்டிய மேற்கு ஏரிப் பகுதியின் லோங்ஜிங். மற்றொன்று ஜியாங்சூ மாகாணத்தின் சூசோவுக்கு அருகில், தைஹூ என்னும் ஏரியை ஒட்டிய துங்திங் குன்றுகளின் பிலுவோசுன். இரண்டுமே வசந்தத்தின் தொடக்கத்தில் பறிக்கப்படும் இளங்கொழுந்துகள், இரண்டுமே மரபுப்படி இரும்புச் சட்டியில் கையால் வறுக்கப்படுபவை, இரண்டின் செய்முறையும் 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட சீனத் தேயிலைக் கலையின் பகுதிகள். நான் அன்றாடத்துக்கு லோங்ஜிங்கைத் தேர்ந்துகொண்டேன். பிலுவோசுன் சுவையில் குறைந்தது என்பதற்காக அல்ல. புதிதாக இருக்கும்போது அது லோங்ஜிங்கை மிஞ்சிவிடும் என்பதே என் கருத்து.

தோற்றத்தில் குழப்பமே வராது. லோங்ஜிங் இலை சட்டியின் அடிப்பரப்போடு உள்ளங்கையால் அழுத்தப்பட்டுத் தட்டையாக, வழவழப்பாக, இளமஞ்சள் கலந்த பச்சையில் இருக்கும். பிலுவோசுன் கொழுந்தோ வறுபடும்போதே உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டப்படுவதால் சுருண்டு, மேலெல்லாம் வெண்ணிற மென்மயிர் எழுந்து நிற்கும். உயர்ந்த ரகத்தில் அரைக் கிலோவுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கொழுந்துகள் தேவைப்படும் என்று சொல்லப்படுவதிலிருந்தே அதன் நுண்மையை ஊகிக்கலாம்.

சுவையைப் பொறுத்தவரை, பிலுவோசுன்னின் முதல் மிடறில் பூ மணமும் பழ மணமும் சேர்ந்து வரும். துங்திங்கில் தேயிலைச் செடிகள் லோக்காட், ஆரஞ்சு, பிளம் போன்ற பழமரங்களுக்கு இடையில் வளர்வதே அதற்குக் காரணம் என்று அவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள். நாக்கில் மென்மையாக இறங்கி, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு தங்கும். லோங்ஜிங்கில் மேலோங்குவது வறுத்த பயறும் செஸ்ட்நட்டும் கலந்த மணம். அதன் அடியில் பச்சைப் பட்டாணியின் இனிப்பும், முடிவில் மெல்லிய துவர்ப்பும் உண்டு. பிலுவோசுன் முதல் வாயிலேயே மனத்தைக் கவர்ந்துவிடும்; லோங்ஜிங்கைக் குடிக்கக் குடிக்கத்தான் பிடிக்கும்.

போடும் முறையில் இரண்டும் எதிரெதிர். பிலுவோசுன்னுக்கு உயரமான கண்ணாடித் தம்ளரில் முதலில் 75 டிகிரி அளவிலான நீரை ஊற்றிவிட்டுப் பிறகு இலையை மேலே தூவ வேண்டும். இறுகச் சுருண்ட கொழுந்துகள் நீரைத் தொட்டதும் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். அப்போது அவற்றிலிருந்து பிரியும் மயிர்த்துகள்கள் நீரில் மிதந்து சாற்றைச் சற்றே கலங்கலாக்கும். புதிதாகக் குடிப்பவர்கள் இதைத் தூசி என்று நினைத்து வடிகட்ட முனைவதுண்டு. உண்மையில் அது நல்ல இலையின் அடையாளம். லோங்ஜிங்குக்கு 80 முதல் 85 டிகிரி வரை தாங்கும். மூன்று கிராம் இலையைத் தம்ளரில் இட்டு, கால் பங்கு நீர் ஊற்றிச் சுழற்றி நனையவிட்டு, மணம் எழுந்ததும் மீதி நீரை நிரப்புவதே பழகிய வழி. தட்டை இலைகள் சில நிமிடங்கள் மேலேயே மிதக்கும். உதட்டால் ஒதுக்கிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். இந்தச் சிறு தொல்லை பிலுவோசுன்னில் இல்லை. இரண்டிலுமே மூன்றில் ஒரு பங்கு சாறு மீதமிருக்கும்போதே மறுபடியும் நீர் ஊற்றினால் அடுத்த தம்ளரும் சுவை குன்றாமல் வரும்.

வெந்நீரின் சூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலையில் இனிப்பையும் சாரத்தையும் தரும் அமினோ அமிலங்கள் குறைந்த சூட்டிலேயே எளிதில் கரைகின்றன. துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்களும் கசப்பைத் தரும் கஃபீனும் சூடு ஏற ஏறத்தான் விரைந்து வெளிவருகின்றன. தொழில்முறைச் சுவைஞர்கள் மட்டும் இதற்கு நேர்மாறாக, மூன்று கிராம் இலைக்கு 150 மில்லி கொதிநீர் ஊற்றி நான்கு நிமிடம் ஊறவைத்துச் சோதிப்பார்கள். அது குறையை வெளியே கொண்டுவருவதற்கான சோதனை. குடிப்பதற்கான முறை அல்ல. வாங்கிய இலையை ஒரு முறையாவது நீங்களும் அப்படிச் சோதித்துப் பார்க்கலாம். நல்ல லோங்ஜிங் அந்தக் கொதிநீரிலும் கசந்து கெட்டுப்போகாது. பிலுவோசுன் அவிந்த கீரையின் வாடை அடிக்கத் தொடங்கும்.

இனி என் தேர்வை முடிவு செய்த காரணத்துக்கு வருகிறேன். அது சுவையோ விலையோ அல்ல, இலையைக் கெடாமல் பாதுகாப்பது. இவ்விரண்டின் சிறந்த பறிப்பும் மார்ச் இறுதிக்கும் சீன நாட்காட்டியில் ஏப்ரல் 20ஐ ஒட்டி வரும் குயூ பருவத்துக்கும் இடையில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் வாங்கியதை வைத்துத்தான் ஆண்டை ஓட்டியாக வேண்டும். பச்சைத் தேயிலையில் நொதிகள் வறுப்பிலேயே செயலிழந்தாலும், காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் ஒளியும் வெப்பமும் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. பச்சையம் மெல்ல மெல்லப் பழுப்பேறும், மணப்பொருள்கள் ஆவியாகும், இலையிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சிதைந்து பழைய வாடையைத் தரும். இலையின் ஈரம் ஏழு சதவீதத்துக்கும் கீழே இருந்தால்தான் இவை அடங்கியிருக்கும். என்னைப் போலச் சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊரில் இருப்பவருக்குப் பொட்டலத்தைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த வரம்புக்குச் சோதனைதான்.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. பிலுவோசுன்னின் பெருமை முழுவதும் மேலெழும் பூ மணத்தில் இருக்கிறது. அது போய்விட்டால் மிஞ்சுவது மென்மையான, ஆனால் வெறுமையான சாறு. லோங்ஜிங்கின் பெருமை வறுப்பில் பிறந்த மணத்திலும் அழுத்தமான சுவையிலும் இருப்பதால், புத்திலையின் பசுமை மங்கிய பிறகும் குடிக்கத் தகுந்த ஒன்று எஞ்சுகிறது. என் அலமாரியில் ஒரே வசந்தத்தின் இரண்டும் மழைக்காலம் வரை இருந்தால், லோங்ஜிங்கை விருந்தினருக்குத் தயங்காமல் தருவேன். பிலுவோசுன்னைத் தர மாட்டேன். ஹாங்சோவில் புதிய லோங்ஜிங்கை மண்தாழியில் சுட்ட சுண்ணாம்புப் பையோடு சேர்த்து மூடிவைக்கும் வழக்கம் உண்டு. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, வறுப்பின் காட்டமும் தணிந்து மணம் உருண்டு வருகிறது. அதாவது, சில நாள்கள் காத்திருப்பதால் மேம்படக்கூடிய இலை அது.

வீட்டில் நான் செய்வது இவ்வளவுதான்: வந்த உடனே 25 கிராம் அளவில் ஒளிபுகாத ஃபாயில் பைகளில் பிரித்து, காற்றை வெளியேற்றி ஒட்டி, குளிர்பதனப்பெட்டியில் மீனும் வெங்காயமும் இல்லாத தட்டில் வைப்பது. லோங்ஜிங் தட்டையாக இருப்பதால் அழுத்தினால் நொறுங்கும், ஆகவே காற்றை முழுவதும் உறிஞ்சும் கருவி அதற்கு ஏற்றதல்ல. எடுத்த பை அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த இலைமீது காற்றின் ஈரம் படிந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

விலையிலும் நம்பகத்திலும் லோங்ஜிங்குக்கு இன்னொரு வசதி உண்டு. மேற்கு ஏரி லோங்ஜிங் எட்டாத விலையில் இருந்தாலும், அதே மாகாணத்தின் சின்சாங்கில் விளையும் தாஃபோ லோங்ஜிங் அந்தப் பெயரைச் சட்டப்படியே தாங்கிக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பிலுவோசுன் என்று விற்கப்படுவதில் பெருமளவு, துங்திங்குக்கு வெகு தொலைவில் அதே வடிவத்தில் உருட்டப்பட்ட இலை. மயிரும் சுருளும் இருக்கும், பழ மணம் இராது. நான் பேசுவது நடுத்தர ரகங்களை வைத்து. ஏப்ரல் 5ஐ ஒட்டி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த உச்ச ரகங்களை நான் அதிகம் குடித்ததில்லை, அங்கே கணக்கு மாறக்கூடும்.

ஆகவே ஏப்ரல் நடுப்பகுதியில், சிங்மிங் விலை தணிந்த பிறகு, ஆண்டுக்கான லோங்ஜிங்கை வாங்கிவிடுகிறேன். அதனோடு ஒரே ஒரு சிறு பொட்டலம் பிலுவோசுன். அதைக் குளிர்பதனப்பெட்டிக்குள் வைப்பதே இல்லை, மே முடிவதற்குள் குடித்துத் தீர்த்துவிடுகிறேன்.