ஒன்றரை சென்ட் பின்முற்றம்: 20-க்கு 10 குளமா, 12-க்கு 8 குளமா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 30-க்கு 20 அடி மிஞ்சினால் அதுவே பெரிது. 600 சதுர அடி, ஒன்றரை சென்ட்டுகூட வராது. அதில் நீச்சல்குளமும் வேண்டும், நாலு நாற்காலி போட்டுக் கட்டன் சாயா குடிக்க முற்றமும் வேண்டும். பலரும் ஆசைப்படுவது 20-க்கு 10 குளம். நாங்கள் சொல்வது 12-க்கு 8, அதுவும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி.

முதலில் அளவு. 20-க்கு 10 என்பது உள்ளளவு. பக்கத்துக்கு 8 அங்குலம் கான்கிரீட் சுவரைச் சேர்த்தால் வெளியளவு 21 அடி 4 அங்குலம், 11 அடி 4 அங்குலம். காம்பவுண்டுச் சுவரிலிருந்து 4 அடி தள்ளினால் வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே 4 அடி 8 அங்குலம்தான் நிற்கும். மேசையும் நாலு நாற்காலியும் போட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்து எழ 10-க்கு 10 வேண்டும். ஆக இது முற்றமில்லை, நடைபாதை. துணி காயப்போடும் கொடிக்கும் இடமில்லை.

12-க்கு 8 குளத்தைப் பின்மூலையில் ஒதுக்கினால் பக்கவாட்டில் 12 அடி 8 அங்குலத்துக்கு 20 அடி முழுசாகக் கிடைக்கும். உயர்த்திய விளிம்பில் ஓரடி அகலக் கருங்கல் பலகை பதித்தால் வெளிப்பக்கம் இரண்டும் சேர்ந்து 22 அடி நீளத் திண்ணை ஆகிவிடும். பத்துப் பேர் உட்காரலாம். மழையில் முற்றத்துச் சேறும் குளத்துக்குள் ஓடி வராது.

நீந்த முடியாதே என்பார்கள். 20 அடியில் மட்டும் என்ன நீச்சல்? கையை மூன்று தடவை வீசினால் எதிர்ச்சுவர். இடுப்பில் ரப்பர் கயிறு கட்டி நின்ற இடத்தில் நீந்துவதென்றால் 12 அடியே போதும்.

உண்மையான வித்தியாசம் மண்ணுக்கடியில் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்யும், துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) பெய்யும். தாழ்ந்த மனைகளில் ஐப்பசியில் கிணறு நிரம்பித் தரையைத் தொடும். அந்த நேரம் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தால், காலித் தொட்டி படகுபோல மிதக்கப் பார்க்கும். 4 அடி தண்ணீர் நிற்கும் 20-க்கு 10 குளத்தின் அடித்தளம் தரைக்குக் கீழே சுமார் 5 அடியில் இருக்கும். நிலத்தடி நீர் தரைவரை ஏறினால் மேல்நோக்கித் தள்ளுவது ஏறக்குறைய 34 டன். கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்த எடையோ 28 டன் அளவில். தரை விரிசல் விடும், குழாய் இணைப்பு பிய்யும், ஒரு மூலை தூக்கும். உயர்த்திய 12-க்கு 8 குளம் மண்ணுக்குள் மூன்றரை அடிதான் இறங்கும். தள்ளுவிசை 12 டன், கான்கிரீட் மட்டுமே 14 டன். காலியாக இருந்தாலும் அசையாது.

பெரியதுதான் வேண்டுமென்றால் அடியில் 6 அங்குலம் ஜல்லி பரப்பி, ஓட்டைக்குழாய் போட்டு ஒரு குழிக்குக் கொண்டுபோக வேண்டும். அடிவடிகாலில் நிலத்தடி நீர் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வும் வேண்டும். இரண்டு மழைக்காலத்திலும் காலி செய்யவே கூடாது.

கட்டுவதில் இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: எம்30 தரக் கான்கிரீட், தரையும் சுவரும் சேரும் இடத்தில் வாட்டர் ஸ்டாப் (கசிவைத் தடுக்கும் பட்டை), டைல்ஸ் ஒட்டுமுன் ஏழு நாள் தண்ணீர் நிறுத்திச் சோதனை. ஒழுகினால் முதலில் குழாய் நுழையும் இடத்தைப் பாருங்கள்.

பராமரிப்பு தினசரிக் கணக்கு. பெரியதில் 22,650 லிட்டர், சிறியதில் 10,870. குளோரினை 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) ஏற்ற, 30 சதவீத பிளீச்சிங் பவுடர் பெரியதுக்கு 75 கிராம், சிறியதுக்கு 36 கிராம். வாளியில் கரைத்துத் தெளிய விட்டு மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். சுண்ணாம்பு மண்டி உள்ளே போனால் ஃபில்டர் மணல் கட்டியாகிவிடும். சிறிய குளத்துக்கு அரை ஹெச்பி மோட்டார் தாராளம். சுவரோரம் விட்ட 4 அடியில் மோட்டாரும் ஃபில்டரும் அடங்கிவிடும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள்.

முற்றத்துக்கு வழவழப்பான கிரானைட் வேண்டாம், சுட்ட மண் ஓடும் வேண்டாம். ஆடி மாதம் பாசி பிடித்து வழுக்கும். சொரசொரப்பாகக் கொத்திய கல் நல்லது. அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள், குளத்தை நோக்கி அல்ல, ஓடையை நோக்கி. தென்னை ஓலை 15 அடிக்கு மேலும் நீளும். மரத்தடியில் எந்த அளவுக் குளமும் சரிப்படாது.

மனை மேட்டில் இருந்து, ஐப்பசியில் கிணற்றுக்குள் கயிறு விட்டுப் பார்த்தால் தண்ணீர் 8 அடிக்குக் கீழே நின்றால், 20-க்கு 10-ஐப் பயமில்லாமல் தோண்டலாம். மாசி, பங்குனியில் தோண்டுங்கள், கரை சரியாது. நாற்காலிகளை மட்டும் மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.