நிவாரண முகாமுக்குப் போகும் நர்ஸ்கள் படிக்க வேண்டிய இலவசப் பாடம்

வெள்ளம், போர், நிலநடுக்கம் வந்தால் முதல் சில நாட்களில் இனப்பெருக்க நலச் சேவைகளை எப்படித் தொடங்குவது என்று கற்றுத்தரும் 'மிஸ்ப்' (MISP, குறைந்தபட்ச ஆரம்பச் சேவைத் தொகுப்பு) ஆன்லைன் பாடத்தைப் போன மாதம் முடித்தேன். நெருக்கடிக் கால இனப்பெருக்க நலத்துக்கான ஐ.ஏ.டபிள்யூ.ஜி. (IAWG) என்ற பன்னாட்டுப் பணிக்குழு இதை வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது, தேர்வில் தேறினால் சான்றிதழும் உண்டு. முகாம்களில் வேலை செய்யும் எல்லோரும் படித்தே ஆக வேண்டும் என்பேன்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமில் நான் மருத்துவப் பணியில் இருந்தேன். மேசை நிறைய காய்ச்சல் மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., சேற்றுப்புண் களிம்பு. இருபது வயதுகூட ஆகியிருக்காது, ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். பின்னால் மாமியார். குனிந்து, காதோடு காதாக, "மாலா அட்டை தண்ணியில போயிட்டுக்கா, உங்கட்ட இருக்குமா?" என்றாள். மாலா என்கிற அந்தக் கருத்தடை மாத்திரை ஒரு அட்டைகூட இல்லை. ஆணுறையும் இல்லை. மருந்துப் பட்டியல் போட்டவர்களுக்கு அது தோன்றவே இல்லை. கல்யாணமான பெண்ணுக்கே இந்தக் கதி. கல்யாணமாகாத பெண் அந்த வரிசையில் வாய் திறப்பாளா?

இந்தப் பாடம் சரியாக அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. கருத்தடைப் பொருட்கள், பாலியல் வன்முறைக்கான சிகிச்சை, பிரசவ ஏற்பாடு எல்லாவற்றையும் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கப் பார்க்க வேண்டும் என்கிறது. வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையை 120 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ரோடு திறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் இரண்டுமே கைவிட்டுப் போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்தச் சேவைகளுக்கென்றே எண் போட்டுத் தயாராக வைத்திருக்கும் மருந்துப் பெட்டிகளின் கணக்கு. முகாமில் வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுக்கச் சொல்வதில்லை. ஊர் அளவில் பயன்படும் பெட்டிகள் 10,000 பேருக்கு 3 மாதம் என்ற அளவில் வருகின்றன. மக்கள்தொகையில் கால்வாசி கருத்தரிக்கும் வயதுப் பெண்கள், பிறப்பு வருடத்துக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் 3 மாதத்தில் 100 பிரசவம். நம் ஊர்ப் பிறப்பு விகிதம் இதில் பாதிகூட வராது, அதனால் பிரசவப் பொருட்களைக் குறைத்து வாங்கலாம். மூன்றாம் எண் பெட்டி வன்முறைக்குப் பிந்தைய சிகிச்சைக்கு, நான்காம் எண் கருத்தடை மாத்திரைக்கும் ஊசிக்கும். மாவட்ட அளவில் இருப்பு வைப்பவர்கள் இந்தப் பட்டியலையாவது எடுத்துப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. ஆங்கிலம் அறிக்கை நடையில் கனமாக இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர்கள் திணறுவார்கள். இளையோர் பற்றி விரிவாக வேண்டுமென்றால், இதே குழு 2020-இல் புதுப்பித்த வளரிளம் பருவத்தினருக்கான கையேட்டைத் தனியாகப் படிக்க வேண்டும். தனி நேரம், தனி வாசல், இளம் பிள்ளைகளையே திட்டமிடலில் சேர்ப்பது எல்லாம் அதில்தான் நன்றாக வருகிறது. என் கருத்தில் இரண்டும் ஒரே பாடமாக இருந்திருக்க வேண்டும்.

உலகம் முழுமைக்குமான பாடம் என்பதால் நம் நாட்டுச் சட்டத்தை நாமேதான் சேர்த்துப் படிக்க வேண்டும். 2021 கருக்கலைப்பு விதிகளில் 20 முதல் 24 வாரம் வரை அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் இருக்கிறார்கள், அரசு அறிவித்த பேரிடர்ச் சூழலில் இருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். இந்தப் பேரிடர்ப் பிரிவு இருப்பதே எங்கள் ஆட்களில் பல பேருக்குத் தெரியாது. 18-க்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று டாக்டர்கள் பயந்து திருப்பி அனுப்புகிறார்கள். சம்மதத்தோடு நடந்த உறவில் கருவுற்ற சிறுமி கலைக்க வந்தால், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயர், அடையாளம் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. பயிற்சி கொடுப்பவர்கள் இதை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள். மழை ஆரம்பித்த பிறகு யாருக்கும் உட்கார்ந்து படிக்க நேரம் இருக்காது, மாத்திரை கேட்டு இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டாலும் சமயத்துக்கு வந்து சேராது.